14 லட்சம், நாலு வரி: பழைய வீட்டில் கை வைப்பதற்கு முன்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். தாம்பரம் பக்கம் 1993-ல் அப்பா கட்டிய வீடு. கீழே 900 சதுர அடி, மாடியில் 2004-ல் எழுப்பிய ஒரு சின்ன போர்ஷன். இரண்டு பாத்ரூமையும் மாற்ற வேண்டும், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரை எடுக்க வேண்டும், மொட்டை மாடி ஒழுகலை நிறுத்த வேண்டும், வயரிங் முழுக்கப் புதிதாக வேண்டும். கான்ட்ராக்டர் நாலே வரியில் மொத்தம் 14 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்? 78 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க முடியுமா?

நான் சிவில் டிப்ளமோ முடித்து 26 வருஷம் சைட்டில் நின்றவன். கொஞ்ச காலம் கான்ட்ராக்டர் பக்கம், மீதிக் காலம் வீட்டுக்காரர் பக்கம். அதனால் இரண்டு தரப்பின் புலம்பலும் எனக்குப் பழக்கம்.

14 லட்சம் அதிகமா குறைவா என்று என்னால் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தவராலேயே முடியாது. அந்தத் தாளில் இருப்பது நாலு வரி, ஒவ்வொரு வரிக்குள்ளும் முப்பது வேலை ஒளிந்திருக்கிறது. பழைய வீட்டு வேலையில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை ஏமாற்றால் வந்தவை அல்ல. "அது இதுலயே சேர்ந்ததுதானே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "இல்ல ஸார், அது எக்ஸ்ட்ரா" என்று மேஸ்திரி சொல்வார். இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்வதில்லை. அவரவர் மனதில் ஒரு பாத்ரூம் இருந்தது, அவ்வளவுதான். சுவரில் சுத்தியல் படுவதற்கு முன் அந்த இரண்டு பாத்ரூமையும் ஒரே தாளில் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

அதனால் அந்த நாலு வரியில் ஒன்றை மட்டும் எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். "பாத்ரூம் ரெனோவேஷன், 2 எண்ணம், லம்ப்சம் (மொத்தமாக ஒரு தொகை)" என்ற வரி. மாடி பாத்ரூமையே எடுத்துக்கொள்வோம். அதன் ஈரம்தான் கீழே ஹால் கூரையில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் நாள் பழைய டைல்ஸை உடைப்பார்கள். ஒரு பாத்ரூமிலிருந்து அறுபது எழுபது சாக்கு மூட்டை குப்பை வருவது சாதாரணம். அதை மாடியிலிருந்து இறக்குவது யார், வண்டி வைத்து அனுப்புவது யார் செலவு? தெருவில் கொட்டி வைத்தால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும். பழைய கமோடும் குழாய்களும் காயலான் கடைக்குப் போனால் அந்தக் காசு யாருக்கு? சிரிக்காதீர்கள், ஒரு பித்தளைக் குழாய்க்காக மூன்று நாள் வேலை நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பள்ளம். மாடி பாத்ரூமில் குழாய் ஓடுவதற்காகத் தளத்தைத் தாழ்த்தி வைத்து, செங்கல் துண்டும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இருபது வருஷமாக அந்த நிரப்பல் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. டைல்ஸை மட்டும் மாற்றுவதா, நிரப்பலை முழுக்க எடுத்துக் கான்கிரீட் வரை போவதா? இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரியது. உங்களுக்குக் கீழே ஒழுகுவதால் கான்கிரீட் வரை போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் "டைல்ஸ் மேல டைல்ஸ் ஒட்டிடலாம் ஸார், மேல ஒரு கெமிக்கல் அடிச்சிடுவோம்" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

கான்கிரீட்டைச் சுத்தம் செய்து, விரிசலையும் குழாய் நுழையும் ஓட்டைகளின் ஓரத்தையும் அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையால் ஒரு வளைவு கொடுத்து, அதன்மேல் வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட். முதல் கோட் ஒரு வாக்கில் அடித்தால் இரண்டாவது குறுக்கு வாக்கில். சுவரில் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பொதுவாக ஒரு அடி, ஷவர் வரும் சுவரில் ஆறு அடி.

அப்புறம் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். போகும் வழியை எல்லாம் அடைத்து, பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு சைட்டில் நான் தண்ணீர் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. "காத்துல வத்தியிருக்கும் ஸார்" என்றார் மேஸ்திரி. சரி என்று ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, அதிலும் ஒரு கோடு போட்டு, பாத்ரூமுக்குள்ளேயே ஓரமாக வைத்துவிட்டு, பள்ளத்தையும் பழைய கோடு வரை மீண்டும் நிரப்பச் சொன்னேன். அடுத்த நாள் பக்கெட் கோடு அசையவில்லை, பள்ளத்துக் கோடு மறுபடியும் இறங்கியிருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கமோடு குழாய் ஓரத்தைக் கொத்த ஆரம்பித்தார். அங்கேதான் இருந்தது ஓட்டை. உங்கள் வீட்டிலும் ஒரு பக்கெட் வையுங்கள், சண்டையே வராது. அந்த இரண்டு நாளும் கீழே ஹால் கூரையைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

குழாய்களை மூடுவதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. பிளம்பரிடம் அந்தப் பம்பு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அது தேறிய பிறகு, சுவரில் ஒரு அளவு டேப்பை நீட்டிப் பிடித்துக் குழாய் ஓடும் பாதையைப் போட்டோ எடுத்து வையுங்கள். அஞ்சு வருஷம் கழித்துக் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

டைல்ஸுக்கு வருவோம். தரையின் வாட்டம் 80-க்கு 1 இருந்தால் நல்லது. ஐந்து அடி நீளத்தில் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு மக் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றிப் பாருங்கள், எங்கேயும் தேங்காமல் ஓட வேண்டும். பெரிய டைல்ஸ் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாத்ரூம் தரையில் நாலு பக்க வாட்டம் கொடுக்க அதை வெட்டி வெட்டித்தான் ஒட்ட வேண்டியிருக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பான டைல்ஸ் போதும். அம்மா இருக்கிற வீடு.

கமோடு விஷயத்தில் ஒரு அளவு முக்கியம். தரைக்குள் போகும் மாடல் என்றால், சுவருக்கும் போக்குக் குழாயின் நடுவுக்கும் உள்ள தூரம் 9 அங்குலமா 12 அங்குலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சுவருக்குள் பதிக்கும் ஷவர் மிக்ஸரும் அப்படியே. அதன் உடலைச் சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்பது பூச்சையும் டைல்ஸ் தடிமனையும் பொறுத்தது. என் சொந்த வீட்டிலேயே இதில் கோட்டை விட்டேன். மிக்ஸரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன், பிளம்பர் தோராயமாகக் குழாயை விட்டுவிட்டுப் போனார், டைல்ஸும் ஒட்டியாயிற்று. பொருள் வந்து பார்த்தால் பொருந்தவில்லை. ஆறு டைல்ஸ் உடைந்தது. கடையில் அதே டிசைன் இருந்தது, அதே பேட்ச் இல்லை. இன்றைக்கும் ஷவருக்குக் கீழே ஆறு கட்டம் மட்டும் சற்றே வேறு வெள்ளை. வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, நான் தினமும் குளிக்கும்போது கவனிக்கிறேன்.

ஆகவே இடிப்பதற்கு முன்பே கமோடு, வாஷ்பேசின், மிக்ஸர், கீசர், டைல்ஸ் எல்லாவற்றையும் முடிவு செய்து, மாடல் எண்ணோடு தாளில் எழுதிவிடுங்கள். மிக்ஸரையும் கமோடையும் வாங்கியே வைத்துவிடுங்கள். டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பார்த்து, அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து எடுங்கள்.

ஒரு வரிக்கே இவ்வளவு. மீதி மூன்று வரிகளையும் இதே மாதிரி கான்ட்ராக்டரோடு உட்கார்ந்து பிரித்து எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். நல்ல கான்ட்ராக்டருக்கு இது பிடிக்கும், ஏனென்றால் அவருக்கும் பாதுகாப்பு. "என் மேல நம்பிக்கை இல்லையா ஸார்" என்று முகம் சுளிப்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது அந்தச் சுவர். நாலு வரியில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான். 1993-ல் புறநகரில் கட்டிய வீடுகளில் நிறைய வீடுகளுக்குத் தூண் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. அதன்மேல் 2004-ல் இன்னொரு மாடி வேறு எழுப்பியிருக்கிறீர்கள். நீங்களே இரண்டு விஷயம் பார்க்கலாம். கதவு நிலை பக்கத்தில் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள், பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலம் பக்கம் வந்தால் அது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், பத்து அங்குலத்துக்கு மேல் வந்தால் 9 அங்குலச் சுவர். அப்புறம் மாடிக்குப் போய், அதே இடத்துக்கு மேலே சுவர் வருகிறதா என்று பாருங்கள். 9 அங்குலமாகவோ மேலே சுவர் வருவதாகவோ இருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து, எந்த அளவு பீம், எங்கே முட்டுக் கொடுப்பது, எந்த வரிசையில் இடிப்பது என்று வரைபடம் போட்டுக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள். நாலரை அங்குலச் சுவராக இருந்தாலும் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது. "நாங்க எத்தனை வீட்ல எடுத்திருக்கோம்" என்பது பதில் ஆகாது. அந்த இன்ஜினியர் கான்ட்ராக்டர் கூட்டிவரும் ஆளாக இல்லாமல், நீங்கள் பணம் கொடுத்து வரச்சொல்லும் ஆளாக இருக்கட்டும். 14 லட்சத்தில் அவருடைய கட்டணம் சின்னத் தொகை.

ஒருவேளை முழுச் சுவரையும் எடுக்க வேண்டாம், நடுவில் பெரிய திறப்பு மட்டும் போதும் என்று அவர் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு என்னமோ நம் சமையலுக்குச் சுவர் இருப்பதே நல்லது என்று படும். மீன் வறுத்தால் சோபா வரை மணக்கும். ஆனால் அது உங்கள் வீடு.

கூரையில் எங்காவது கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதையும் அந்த இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இது சகஜம். அந்த இடத்தில் சிமென்ட் பூசி மறைப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி. தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியில் துருவைத் தேய்த்து நீக்கி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று உள்ள பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி ரொம்ப இளைத்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

மொட்டை மாடிக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி எங்கே ஒழுகுகிறது என்பது. தளம் முழுவதும் மோசமாக இருப்பது அபூர்வம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரம், மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் வினை. உங்கள் வீட்டில் நாலாவதாக ஒரு இடம் உண்டு, 1993 தளமும் 2004 சுவரும் ஒட்டும் இடம். இவற்றைச் சரிசெய்தாலே போதுமா என்று பார்த்த பிறகுதான் மேல்தளத்தைப் பெயர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும். பழைய சுருக்கியும் (தளத்தின் மேல் போட்ட செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கு) அதன்மேல் பதித்த தட்டோடும் முழுக்க எடுப்பதென்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் திறந்த மாடியும் போர்ஷனின் மேல்தளமும் சேர்ந்து 900 சதுர அடி, சுருக்கி மூன்று அங்குலம் என்று வைத்தால் 225 கன அடி, அதாவது இரண்டேகால் யூனிட். உடைத்தால் உப்பிக்கொண்டு இன்னும் கூடும், தட்டோடு தனி. இத்தனையையும் மாடியிலிருந்து இறக்க வேண்டும். அதற்குப் பயந்து பழையதன் மேலேயே புதிதாக இன்னொரு அடுக்குப் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாரம் ஏறும், நடுவில் நிற்கும் ஈரமும் போகாது.

இதில் காலமும் முக்கியம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்துக்கொள்ளும். மாடி வேலை செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆயுத பூஜை, தீபாவளி என்று ஆட்கள் ஊருக்குப் போவதும் அந்த நேரம்தான். வடமாநிலத்து ஆட்கள் தீபாவளியோடு சேர்த்துச் சட் பூஜைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்கள். ஆகஸ்டில் பிரித்துப் போட்ட மாடி நவம்பரில் நனைவது இப்படித்தான். வேலை வரிசையில் மாடிதான் முதலில்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் குறைவு. 1993 வீடென்றால் பீங்கான் ஃப்யூஸும், எர்த் வயர் இல்லாத பாயின்ட்டுகளும் இருக்க வாய்ப்பு அதிகம். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் ப்ளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 என்று கம்பெனிப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். புது எர்த் குழி போட வேண்டுமா என்று கேளுங்கள். ஏசி, கீசர் எல்லாம் கூடுகிறதென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், வேலை ஆரம்பிக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். அப்புறம் ஒரு மாலை நேரம், கையில் சாக்பீஸோடு வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு சுவிட்சும் வரும் இடத்தைச் சுவரிலேயே வரையுங்கள். கட்டில் எங்கே, ஃப்ரிட்ஜ் எங்கே, மிக்ஸி எங்கே என்று யோசித்துப் போடுங்கள். அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரவில் எழுந்து பாத்ரூம் போகும் வழியில் எந்த சுவிட்ச் கை எட்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டைல்ஸ், பூச்சு, வயரிங், பெயின்ட் இவற்றுக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. "இதோட மாடியில ஒரு ரூமும் போட்டுடலாம் ஸார்" என்று நடுவில் ஒரு யோசனை வரும். பரப்பளவு கூடினால் அது தனிக் கதை, திட்ட அனுமதி வேண்டும், வீட்டு வரியும் மாறும். வேலை நடக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள்.

இனி பணம். ரேட் பேசும் முறை மூன்று. மொத்தமாக ஒரு தொகை, ஐட்டம் ஐட்டமாக அளவுக்கு ஒரு ரேட், பொருள் உங்களுடையது கூலி மட்டும் அவருடையது. புது வீட்டுக்கு மொத்தத் தொகை சரிப்படும். பழைய வீட்டில் உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், மொத்தத் தொகை சொல்லும் கான்ட்ராக்டர் ஒன்று பயத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பின்னால் எக்ஸ்ட்ராவில் பிடிப்பார். ஐட்டம் ரேட்தான் இரண்டு பேருக்கும் நியாயம். பூச்சு ஒரு சதுர அடிக்கு இவ்வளவு, டைல்ஸ் ஒட்டக் கூலி இவ்வளவு, பிளம்பிங் ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று. அளக்கும் விதத்தையும் சேர்த்து எழுதுங்கள். பூச்சில் கதவு ஜன்னல் திறப்பைக் கழிப்பதா இல்லையா? ஓரப்பட்டி டைல்ஸ் சதுர அடியிலா, நீள அடியிலா? கடைசி பில்லில் குரல் உயர்வது இந்த இடத்தில்தான்.

சிமென்ட், எம்சாண்ட், வயர், சுவருக்குள் ஓடும் குழாய் இவற்றை அவரே கொண்டுவரட்டும், பிராண்டை மட்டும் நீங்கள் குறித்துக் கொடுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், ஒரு நாள் மணல் வராமல் ஆள் சும்மா நின்றால் அந்தக் கூலி உங்கள் தலையில். கண்ணுக்குத் தெரியும் பொருட்களை, அதாவது டைல்ஸ், கமோடு, திறந்து மூடும் தண்ணீர்க் குழாய், விளக்கு இவற்றை நீங்கள் வாங்குங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம் வரி. 14 லட்சத்துக்கு அது இரண்டரை லட்சத்துக்கு மேல். "பில் வேணும்னா ஸார்..." என்று கடைசி மாதத்தில் அந்த வாக்கியம் ஆரம்பிக்கக் கூடாது.

தவணை விஷயத்தில் கான்ட்ராக்டர் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பள நாள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்று சாயங்காலம் கையில் காசு வர வேண்டும். நீங்கள் "பாதி வேலை முடிந்தால் பாதிப் பணம்" என்று பெரிய பெரிய தவணையாக வைத்தால், நடுவில் அவர் இன்னொரு சைட்டின் அட்வான்ஸை வாங்கி உங்கள் ஆளுக்குக் கொடுப்பார். பிறகு அந்த சைட்டைக் காப்பாற்ற உங்கள் ஆட்களை அங்கே அனுப்புவார். காலை பத்து மணி வரை யாரும் வராமல் நீங்கள் வாசலில் நின்று போன் போடுவது இதனால்தான். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு சின்னத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலையோடு கட்டுங்கள். "மாடி பாத்ரூம் தண்ணீர்ச் சோதனை தேறியதும்" என்பது நல்ல தவணை. "வேலை 60 சதவீதம் முடிந்ததும்" என்பது மோசமான தவணை, 60-ஐ யார் அளப்பது? கடைசியில் ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள். முதலில் சொன்னால் ஒத்துக்கொள்வார், கடைசியில் சொன்னால் சண்டை.

எக்ஸ்ட்ரா வேலை கட்டாயம் வரும், வராது என்று நினைப்பதுதான் தப்பு. ஒரு நோட்டு வாங்கி சைட்டிலேயே வையுங்கள். தேதி, என்ன வேலை, என்ன ரேட், இரண்டு கையெழுத்து. வாட்ஸ்அப்பில் எழுதி அவர் "ஓகே ஸார்" என்று பதில் போட்டாலும் சரிதான். எழுதாத எக்ஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை என்பது விதி, அது உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் போகிற போக்கில் "அந்த அலமாரியையும் கொஞ்சம் எடுத்துடுங்க" என்று சொன்னால் அதுவும் நோட்டில் ஏற வேண்டும். கையில் 14 லட்சம் போக இன்னும் இரண்டு இரண்டரை லட்சம் தனியாக இருக்கட்டும். அந்தத் தொகையைப் பற்றிக் கான்ட்ராக்டரிடம் பேச வேண்டாம்.

இவர்தான் சரியான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார், பளபளவென்று இருக்கும். நீங்கள் இரண்டு வருஷத்துக்கு முன் முடித்த வீடு ஒன்றைக் கேளுங்கள். போய் பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பாகம் ஊறியிருக்கிறதா, பாத்ரூமுக்குக் கீழே உள்ள கூரை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டம்மாவிடம் ஒரே கேள்வி போதும்: முழுப்பணமும் வாங்கிய பிறகு கூப்பிட்டால் வந்தாரா?

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் விட்டுப்போகும். வேலையாளுக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பது ஒன்று. கான்ட்ராக்டருடையது என்று எழுதுங்கள், அதற்கு அவர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இன்னொன்று பக்கத்து வீடு. இடிப்பதற்கு முந்தின நாள் அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அண்ணனையும் கூட நிறுத்தி எடுத்தால் இன்னும் நல்லது.

எல்லாம் கைமீறிப் போனால் என்ன செய்வது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவை என்றுதான் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான வழக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகும், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 14 லட்சம் கொடுத்த வேலைக்குக் கட்டணம் 400 ரூபாய். அங்கே கேட்கப்போவதும் அந்த நோட்டைத்தான்.

கடைசியாக, அம்மாவோடு அதே வீட்டில் இருக்கலாமா என்றீர்கள். இருக்கலாம், வேலையை இரண்டாக வெட்டினால். முதலில் மாடியும் மாடி பாத்ரூமும், அப்போது எல்லோரும் கீழே. அது முழுக்க முடிந்து தண்ணீர் வந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். இரண்டு பாத்ரூமையும் ஒரே நாளில் உடைக்க எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள், கூலி மிச்சம் என்று அவர் சொன்னாலும். வேலையாட்கள் எந்தக் கழிப்பறைக்குப் போவார்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைப் பேசாமல் விட்ட வீடுகளில் பெண் சித்தாள்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கீழே வேலை நடக்கும் காலத்தில் சமையல் மாடி போர்ஷனில். சுவர் எடுக்கும் நாட்களில் மட்டும், முட்டுக் கொடுத்ததிலிருந்து பீம் நின்று இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை, வீட்டில் யாரும் தங்க வேண்டாம். அந்தப் பத்துப் பதினைந்து நாளைக்கு அம்மாவை அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ விட்டுவிடுங்கள். பூச்சுக்குத் தண்ணீர் காட்டும் ஒரு வாரமும் தரை ஈரமாகவே இருக்கும், அதுவும் முடிந்த பிறகு கூட்டி வரலாம். கைப்பிடிக் கம்பியை டைல்ஸ் ஒட்டும்போதே அம்மாவின் உயரத்துக்கு அளந்து மாட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒருநாள் அவர் வந்து நின்று காட்டிவிட்டுப் போனால் போதும்.